பழைய படங்களும் ஒரு நோட்டுப் புத்தகமும்

கல்கத்தாவில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் இருந்தான். அவனுக்கு ஸினிமா என்றால் உயிர். இப்படிப்பட்ட பையன்கள் எந்த ஊரிலும் உண்டு. நேயர்களின் வீட்டிலேயே ஒருவனுக்கு இருவராக இருக்கக் கூடும். ஆனால் இந்தப் பையனிடம் ஒரு விசேஷம் இருந்தது. படம் பார்த்துவிட்டு வீடு திரும்பியதும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் படத்தின் பெயரை எழுதிக்கொள்வான். பக்கத்திலேயே, தன் அபிப்பிராயத்தில் அது எத்தனை நட்சத்திரம் பெறத் தகும் என்று மார்க்கும் போடுவான். அமெரிக்காவில் லட்சக் கணக்கில் செலவழித்துப் படம் எடுத்தவர்களுக்கு இந்த மார்க்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் பையனுக்கு நஷ்டம் எதுவுமில்லை. நாளாக ஆக, நடிகர் நடிகைகளை மட்டும் கவனித்து வந்தவன், எந்தக் கம்பெனிப் படம் எப்படி மெருகிடப்பட்டிருக்கிறது, பாரமவுண்ட் கம்பெனிக்கும் மெட்ரோ கம்பெனிக்கும் வெளிச்சம் அமைப்பதில் என்ன வித்தியாசம் என்றெல்லாம் கண்டு பிடிக்கலானான். அதற்கும் பிறகுதான், படத்துக்கு டைரக்டர் என்று ஒருவர் இருக்கிறார், அவருக்கென்று ஒரு கைவண்ணம் இருக்கிறது என்பது புலப்பட்டது.

பையன் வளர்ந்து 1943-ஆம் வருஷத்தில் டி. ஜே. கீமர் என்ற விளம்பரக் கம்பெனியில் சித்திரக்காரராக உத்தியோகத்தில் அமர்ந்தார். நோட்டுப் புத்தகப் பழக்கம் மட்டும் விடவில்லை. தியேட்டர் இருட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, எந்தக் காட்சி எவ்விடத்தில் வெட்டப்பட்டு அடுத்த காட்சி எப்படித் தொடங்குகிறது என்று தமக்கு மட்டுமே புரியும் கிறுக்கல்களில் குறித்துக்கொள்வார். ஏதாவது ஒரு நாவலைப் படமாக எடுக்கப் போகிறார்கள் என்று விளம்பரம் வந்தால், அந்த நாவலுக்குத் தாமே ஒரு திரைக்கதை எழுதி வைத்துக்கொண்டு, படம் வந்ததும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். 1947-ல் நண்பர்களுடன் சேர்ந்து கல்கத்தா பிலிம் சொஸைட்டியை ஆரம்பித்தார். 1948-ல், இந்தியப் படங்களில் உள்ள கோளாறு என்ன என்பது பற்றி ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். 1955-ல் ‘பதேர் பாஞ்சாலி’ வெளி வந்தது. சத்தியஜித் ராய் என்ற பெயரைப் பிறகு உலகமே உச்சரித்தது.

நோட்டுப் புத்தகத்தில் எழுதியவர்கள் அனைவரும் சத்தியஜித் ராய் ஆகிவிடுவார்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொன்னால் நாளைக்கே பல வீடுகளில் கணக்கு நோட்டுகள் பாழாகிவிடும். பெற்றோர்கள் என்மீது சண்டைக்கு வருவார்கள். நான் சொல்ல வந்தது வேறு. பழைய படங்களிடம் பிரியம் கொண்டவர்கள், தாம் பார்த்ததைத் தம் கையாலேயே எழுதி வைக்க வேண்டும். அந்த எழுத்து டைரக்டர் ஆவதற்குப் பயன்படாவிட்டாலும் பாதகமில்லை. வேறொரு காரியத்துக்குப் பயன்படும். படமே இல்லாமல் போய்விட்ட பிறகு, அப்படி ஒரு படம் இருந்தது என்பதற்குச் சாட்சி சொல்லும்.

இது வெறும் அலங்காரப் பேச்சு அல்ல. தமிழ்நாட்டில் முதன் முதலாக எடுக்கப்பட்ட கதைப் படம், ஸ்ரீ ஆர். நடராஜ முதலியார் தயாரித்த ‘கீசக வதம்’ என்னும் ஊமைப் படம். மோட்டார் வியாபாரத்தில் இருந்தவர், பூனாவுக்குச் சென்று ஒரு வெள்ளைக்காரப் படப்பிடிப்பாளரிடம் காமிரா பிடிக்கக் கற்றுக்கொண்டு வந்து, சென்னைப் புரசைவாக்கத்தில் எடுத்த படம் அது. அதில் ஓர் அடிப் பிலிம் கூட இன்று இல்லை. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’, 1931-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 31-ந் தேதி சென்னை கினிமா ஸென்ட்ரல் தியேட்டரில் திரையிடப்பட்டது. டி. பி. ராஜலக்ஷ்மி நடித்துப் பாடிய படம். காளிதாஸனின் கதைக்கும் கைராட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்காமல், ராட்டையைப் போற்றும் ஒரு பாட்டையும் அதில் சேர்த்திருந்தார்கள். ஜனங்கள் கைதட்டி வரவேற்றார்கள். அந்தப் படமும் இன்று இல்லை. அதைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் பத்திரிகைக் குறிப்புகளாலும், விளம்பரங்களாலும், பார்த்தவர்களும் நடித்தவர்களும் சொல்லி யாரோ எழுதி வைத்ததாலும் தெரிந்தவையே.

இந்தியாவில் எடுக்கப்பட்ட ஊமைப் படங்கள் ஆயிரத்து முந்நூறுக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் இன்று மிஞ்சியிருப்பவை சுமார் முப்பதுதான். அந்த முப்பதிலும் பல வெறும் துண்டுகள். காரணம் என்னவென்றால், 1950-ஆம் வருஷத்தை ஒட்டிய காலம் வரை உபயோகத்தில் இருந்த பிலிம், நைட்ரேட் என்னும் பொருளால் ஆனது. இது வெடிமருந்துக்கு நெருங்கிய உறவு. ஒரு தரம் தீப்பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் அமிழ்த்தினாலும் எரியும்; எரிவதற்கு வேண்டிய பிராண வாயுவைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். தீயிலிருந்து தப்பினாலோ, நம் ஊர் உஷ்ணத்திலும் ஈரத்திலும் பிசுபிசுத்துக் கட்டியாகி, கடைசியில் தூளாய் உதிர்ந்து போகும். இரண்டுக்கும் தப்பியவற்றுக்கு வேறொரு எமன் இருந்தான். பிலிமின் மேற்பூச்சில் வெள்ளி உண்டு. ஓடி முடிந்த படத்தைப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றுவதைவிட எடைக்கு விற்பது லாபம் என்று பலர் கருதினார்கள். வாங்கினவர்கள் வெள்ளியைப் பிரித்தெடுத்துக்கொண்டார்கள். ராஜாக்களும் ராணிகளும் அசுரர்களும் சாம்பலானார்கள்.

விதியின் விளையாட்டையும் சொல்ல வேண்டும். சி. வி. ராமன் பிள்ளையின் பிரசித்தி பெற்ற மலையாள நாவலான ‘மார்த்தாண்ட வர்மா’வை 1933-ல் ஊமைப் படமாக எடுத்தார்கள். நாவலைப் பிரசுரிக்கும் உரிமையை வைத்திருந்த திருவனந்தபுரத்துப் புத்தகக் கம்பெனி வழக்குத் தொடுத்தது. படம் ஓடவில்லை, பிரதி வழக்கில் அகப்பட்டுக்கொண்டு கம்பெனியின் வசம் கிடந்தது. நன்றாக ஓடிய படங்களெல்லாம் தேய்ந்து, கிழிந்து, எரிந்து அழிந்துபோக, ஓடாத இந்தப் படம் முடங்கிக் கிடந்த காரணத்தாலேயே பிழைத்தது! 1974-ல் தேசியத் திரைப்படக் காப்பகத்தின் கைக்கு அது வந்து சேர்ந்தது.

அந்தக் காப்பகத்தை மத்திய சர்க்கார் 1964-ல் பூனாவில் ஏற்படுத்தினார்கள். 2022-ல் அது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டது. அதைக் கட்டி வளர்த்தவர் ஸ்ரீ பி. கே. நாயர். திருவனந்தபுரத்துக்காரர், பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’வில் எஞ்சிய பகுதியையும் ‘காளிய மர்த்தன’த்தையும் தேடிப் பிடித்துக் காப்பாற்றிய புண்ணியவான். 1991-ல் அவர் ஓய்வு பெற்ற போது காப்பகத்தில் சுமார் பன்னிரண்டாயிரம் படங்கள் சேர்ந்திருந்தன. அவரிடம் பயின்றவர்கள் ஒரு காட்சியை மறவாமல் சொல்வதுண்டு. தியேட்டர் இருட்டில், ஒரு சின்னஞ்சிறு டார்ச் விளக்கின் ஒளியில், நாயர் எதையோ நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே இருப்பாராம். பன்னிரண்டாயிரம் படங்களுக்குக் காவலராக இருந்தவருக்கே, பிலிம் பெட்டி ஒன்றை மட்டும் நம்பியிருக்கத் துணிவில்லை போலும்!

நிற்க. நம்மவர்களில் இந்தத் தொண்டைச் செய்தவர்கள் யார் என்று பார்க்கலாம். விசேஷம் என்னவென்றால், அவர்களில் பெரும்பாலோர் இதற்கென்று சம்பளம் வாங்கினவர்கள் அல்ல.

ராண்டார் கை என்ற பெயரைச் சென்னை ஆங்கிலப் பத்திரிகை வாசகர்கள் நன்கு அறிவார்கள். பெயரைப் பார்த்து வெள்ளைக்காரர் என்று எண்ணினவர்கள் அநேகர். அவர் மாடபூஷி ரங்கதுரை என்னும் அசல் தென்னாட்டு வக்கீல். தம் பெயரின் ஆங்கில எழுத்துக்களையே கலைத்துப் போட்டு ஒரு துரையை உண்டாக்கிவிட்டார். 2023-ல் காலமாகும் வரையில் பழைய தமிழ்ப் படங்களைப் பற்றி அவர் எழுதியவற்றுக்குக் கணக்கில்லை. ‘ஹிந்து’ பத்திரிகையில் வாரந்தோறும் ஒரு பழைய படத்தை எடுத்துக்கொண்டு, யார் எடுத்தார்கள், யார் பாடினார்கள், எதனால் ஓடிற்று, எதனால் விழுந்தது என்றெல்லாம் சொல்லி வந்தார். பிரதியே இல்லாத படங்களைப் பற்றியும் எழுதினார்.

‘பிலிம் நியூஸ்’ ஆனந்தனின் வழி வேறு. அவர் அழகாக எழுதுவதைப் பற்றிக் கவலைப்படவில்லை. படத்தின் பெயர், கம்பெனி, டைரக்டர், நடிகர்கள், வெளியான தேதி – இவற்றை ஒன்று விடாமல் சேகரிப்பதே அவருக்குத் தவம். 1931-லிருந்து தொடங்கி ஒவ்வொரு தமிழ்ப் படத்துக்கும் ஜாதகம் கணித்தவர் அவர் என்று சொன்னால் பொருத்தமாயிருக்கும். புகைப்படங்களும் பாட்டுப் புத்தகங்களும் துண்டு விளம்பரங்களும் அவர் வீட்டை நிறைத்தன. அந்தச் சேகரத்தைச் சென்னை சர்க்கார் வாங்கிக்கொண்டார்கள். அவர் தொகுத்த தமிழ்த் திரைப்பட வரலாற்று நூல் 2004-ல் வெளியாயிற்று. நாயர் காலமான அதே 2016-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ஆனந்தனும் காலமானார்.

தபால் இலாகாவில் உயர்ந்த உத்தியோகத்தில் இருந்த ஸ்ரீ தியோடோர் பாஸ்கரன், தென்னாட்டு நாடகமும் ஸினிமாவும் சுதந்திரப் போராட்டத்துக்குச் செய்த சேவையை ஆராய்ந்து 1981-ல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். படித்தவர்கள் ஸினிமாவைப் பற்றிப் பேசுவதே கௌரவக் குறைவு என்று எண்ணப்பட்ட காலம் அது. கோட்டையூரில் பெயர்ப் பலகை எழுதும் தொழில் செய்துவந்த ரோஜா முத்தையா செட்டியாரோ, பழைய புத்தகங்களுடன் ஸினிமாப் பாட்டுப் புத்தகங்களையும் வாங்கி அடுக்கினார். இன்று சென்னையில் அவர் பெயரால் உள்ள நூலகத்துக்கு ஆராய்ச்சியாளர்கள் வந்து பணிவோடு உட்கார்ந்து அவற்றைப் புரட்டுகிறார்கள்.

பாட்டுப் புத்தகம் என்றதும் பெரியவர்களுக்குச் சிரிப்பு வரும். தியேட்டர் வாசலில் ஓரணாவுக்கும் இரண்டணாவுக்கும் விற்ற சமாசாரம். மட்டமான காகிதம், அச்சுப் பிழைகளுக்குப் பஞ்சமில்லை. கதைச் சுருக்கம் என்று ஆரம்பித்து, கதாநாயகி கிணற்றங்கரையில் நிற்கும் கட்டத்தில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடித்துவிடுவார்கள். வெள்ளித்திரையே போய்விட்ட படங்களின் விஷயத்தில் அந்தக் கதாநாயகி இன்னும் கிணற்றங்கரையிலேயே நிற்கிறாள். அந்தக் காலத்தில் படம் பார்த்த ஒரு மனிதராவது முடிவை ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தால், அவள் விழுந்தாளா பிழைத்தாளா என்பது நமக்குத் தெரிந்திருக்கும்.

அதிருக்கட்டும். எழுதுவது என்று தீர்மானித்த பிறகு, என்ன எழுதுவது?

இன்று பழைய படங்களை வீட்டுக் கூடத்திலேயே, காசு செலவில்லாமல், இணையத்தின் மூலம் பார்த்துவிடலாம். இது பெரிய பாக்கியந்தான். ஆனால் அப்படிக் கிடைக்கும் பிரதிகளில் பல, அங்கஹீனமானவை. பாட்டுக்கள் வெட்டப்பட்டிருக்கும், ரீல் மாறியிருக்கும், வருஷத்தைத் தப்பாய்ப் போட்டிருப்பார்கள். ஆகையால் முதற்காரியமாக, எந்தத் தேதியில் எங்கே பார்த்தோம், படம் எத்தனை மணி நேரம் ஓடிற்று, எத்தனை பாட்டுக்கள், எந்த வரிசையில் வந்தன என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பாட்டுப் புத்தகம் கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். புத்தகத்தில் இருபது பாட்டு இருந்து, நாம் கேட்டது பன்னிரண்டு என்றால், எட்டுப் பாட்டைக் காணோம் என்பது ஒரு கண்டுபிடிப்பே அல்லவா?

கதையை மட்டும் முழுவதும் எழுத வேண்டாம். கதை எழுதத் தொடங்கினால் மூன்றாவது பக்கத்தில் சலிப்புத் தட்டி நோட்டுப் புத்தகம் பரணுக்குப் போய்விடும். அதற்குப் பதிலாக, மனத்தில் நின்ற ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, அது ஏன் நின்றது என்று யோசித்து எழுதலாம். 1945-ல் வெளிவந்த ‘மீரா’வைப் பாருங்கள். குழந்தை மீராவாக ராதா பாடத் தொடங்கி, பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே மீரா வளர்ந்து ஸ்ரீமதி எம். எஸ். சுப்புலக்ஷ்மியாகிவிடுகிறாள். வருஷங்கள் கழிந்தன என்று சொல்ல ஓர் எழுத்து அட்டையும் தேவைப்படவில்லை. சங்கீதமே காலத்தைக் கடத்திவிட்டது. இதைச் செய்த டைரக்டர் எல்லிஸ் டங்கன், தமிழ் தெரியாத அமெரிக்கர். எம். எஸ்ஸின் முகத்துக்கு எந்தக் கோணத்திலிருந்து எவ்வளவு வெளிச்சம் விழ வேண்டும் என்று பரீட்சிப்பதற்காக, அவருடைய தலையைப் போலவே சுண்ணச் சாந்தில் ஓர் உருவம் செய்து, அதன்மீது விளக்குகளை மாற்றி மாற்றிப் பாய்ச்சிப் படம் பிடித்துப் பார்த்தார்கள். இந்தத் தகவல் படத்திலே தெரியாது. உடனிருந்தவர்கள் சொன்னதை எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது. தெரிந்த பிறகு படத்தை மறுபடியும் பார்த்தால், ஒவ்வொரு குளோஸப்பும் புதிதாய்த் தோன்றுகிறது.

பிடிக்காத படத்தைப் பற்றியும் எழுத வேண்டும், தாட்சண்யமில்லாமல். 1935-ல் கே. பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்ச ரூபாய் கொடுத்து ‘பக்த நந்தனார்’ எடுத்தார்கள். லட்ச ரூபாயைக் கேட்டுத் தமிழ்நாடே வாயைப் பிளந்தது. ‘கல்கி’ அசரவில்லை, படத்தைக் கேலி செய்து எழுதித் தீர்த்துவிட்டார். இன்று படத்தைவிட அந்த விமரிசனத்தையே அதிகம் பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தை நோட்டுப் புத்தகத்துக்குள் விடக் கூடாது என்பது என் அபிப்பிராயம். நடிகர் நடிகைகளின் வீட்டு விவகாரங்களைத்தான் சொல்கிறேன். அந்த வியாபாரத்தையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. லக்ஷ்மிகாந்தன் என்பவர் ‘ஸினிமா தூது’, ‘ஹிந்து நேசன்’ என்ற பத்திரிகைகளில் நட்சத்திரங்களின் அந்தரங்கத்தை அம்பலப்படுத்தியே பிழைப்பு நடத்தினார். 1944-ல் அவர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதியானார்கள், தண்டனையும் அடைந்தார்கள். பிரிவி கவுன்ஸில் வரை வழக்குச் சென்று, 1947-ல் அவர்கள் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். ஆனால் பாகவதரின் பழைய சோபை திரும்பவில்லை. அவர் சிறையில் இருந்த காலத்தில் அவருடைய ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டுகொண்டிருந்தது! அந்த மஞ்சள் பத்திரிகைகள் எழுதியதில் எந்த ஒரு வரியும் ‘ஹரிதாஸ்’ படத்தை ரஸிக்க நமக்கு உதவாது.

இப்போது அவசரமான காரியத்துக்கு வருகிறேன். படங்களைப் பார்த்துப் பிறகும் எழுதலாம். பார்த்தவர்களைக் கேட்டு எழுதுவதற்கு அவ்வளவு அவகாசமில்லை. ‘ஹரிதாஸ்’ வெளியான போது எட்டு வயதுக் குழந்தையாய்த் தாயார் மடியருகே உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இன்று தொண்ணூறு வயதை ஒட்டியாகிறது. 1939-ல் ‘தியாக பூமி’ பார்த்தவர்கள் அதைவிடவும் அரியவர். அந்தக் கதை பத்திரிகையில் தொடர்கதையாக வந்தபோதே படத்தின் புகைப்படங்களும் கூடவே வந்தன. 1940-ல் பிரிட்டிஷ் சர்க்கார் அந்தப் படத்துக்குத் தடை விதித்தார்கள். தடை உத்தரவு வருகிறது என்று தெரிந்து, சென்னை கெயிட்டி தியேட்டரில் இலவசமாகவே காட்ட, ஜனங்கள் வெள்ளமாய்த் திரண்டார்கள். போலீஸார் தடியடி கொடுத்தார்கள். படத்தின் பிரதி நல்ல வேளையாகக் காப்பகத்தில் இருக்கிறது. சாவித்திரி கதராடை உடுத்திக்கொண்டு புறப்படும் காட்சியில் தியேட்டரில் என்ன கோஷம் எழுந்தது, யார் அழுதார்கள், யார் எழுந்து நின்றார்கள் என்பது எந்தப் பிரதியிலும் இல்லை.

ஆகையால் வீட்டில் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். “அந்தப் படம் எப்படியிருந்தது?” என்று கேட்டால், “ரொம்ப நன்றாயிருந்தது” என்ற பதில்தான் வரும். அப்படிக் கேட்கக் கூடாது. டூரிங் டாக்கியா, கட்டடமா? தரையில் மணலைக் குவித்து உட்கார்ந்தீர்களா, பெஞ்சா? ஸ்திரீகளுக்குத் தனியிடம் இருந்ததா? ஒற்றை மெஷினில் ஓட்டியதனால் எத்தனை இடைவேளை விட்டார்கள்? டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்பதற்கு அடையாளமாக ஒலிபெருக்கியில் எந்தப் பாட்டுத் தட்டை வைப்பார்கள்? எந்தப் பாட்டுக்கு ‘ஒன்ஸ்மோர்’ கேட்டார்கள்? வீட்டில் யாருக்குத் தெரியாமல் போனீர்கள்? – இப்படிக் கேட்டுப் பாருங்கள். முதலிரண்டு கேள்விகளுக்கு யோசித்து யோசித்துப் பதில் வரும். கடைசிக் கேள்விக்கு வரும்போது நீங்கள் பென்சிலை வேகமாய் ஓட்ட வேண்டியிருக்கும்.

பாட்டி பாடிக் காட்டினால் அதையும் ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். ராகம் சற்றே பிசகினால் பரவாயில்லை. அவர் பாடுவது இசைத்தட்டிலும் வராத, பிரதியிலும் வெட்டுண்ட அந்த எட்டுப் பாட்டுக்களில் ஒன்றாகவும் இருக்கலாம்.